தொடட்டுமா, அக்கா?

போன சனிக்கிழமை. ஓசூர் பாகலூர் ரோட்டில் நானும் என் வீட்டுக்காரரும் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தோம். திடீரென்று ஒரு சத்தம். ரோட்டைக் கடந்த ஒரு பெண்மணியை பைக் ஒன்று இடித்துவிட்டு, நிற்காமல் பறந்துவிட்டது.

பையை என் கையில் திணித்துவிட்டு ஓடினார் வீட்டுக்காரர். ஊத்தங்கரைக்காரர், ஃபேக்டரியில் முதலுதவி ட்ரெய்னிங் எடுத்தவர். யாருக்காவது அடிபட்டால் இவருக்கு இருந்த இடத்தில் கால் நிற்காது.

அந்தம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். முழங்கைக்குக் கீழே ஆழமான வெட்டு. புடவையெல்லாம் ரத்தம். அதற்குள் ஆளாளுக்கு இழுக்கிறார்கள். “தூக்குங்கப்பா!” “தண்ணி குடுங்க!” அவர் மிரண்டுபோய் கன்னடத்தில் கத்தினார், “முட்டபேடி!” தொடாதீங்க என்று.

நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார் இவர்.

“என்னங்க, ரத்தம் போகுதே... பிடிங்க!” என்றேன்.

“நெனவோட இருக்காங்க, வேணான்றாங்க. மீறித் தொட்டா தப்பு. சட்டப்படியும் தப்பு. மயங்கிட்டாங்கன்னா அது வேற. நீ கன்னடத்துல பேசு.”

கூட்டத்தை விலக்கினார். ஆம்புலன்ஸுக்கு போன் போட்டார். ரோட்டிலேயே உட்கார்ந்து, சலவைக் கர்ச்சீப்பை நீட்டினார். “நீங்களே அழுத்திப் பிடிங்கக்கா.” நான் கன்னடத்தில் சொன்னேன். அந்தம்மா பிடித்தார். ஆனால் அழுத்தம் போதவில்லை. கர்ச்சீப் நனைந்துகொண்டே வந்தது.

இவர் முகத்தைப் பார்த்தேன். மனுஷன் இப்படித் தவித்து நான் பார்த்ததே இல்லை.

“தொடட்டுமா, அக்கா?”

இந்த முறை என் கன்னடம் தேவைப்படவில்லை. அந்தம்மா கையை நீட்டினார். ஆம்புலன்ஸ் வரும்வரை இவர் பிடியை விடவில்லை.

போலீஸ்காரர் வந்து, “சார், உங்க பேரு?” என்றதும் இவருக்கு முகம் வெளுத்துவிட்டது. இதற்குப் பயந்துதானே நாமெல்லாம் ஒதுங்கிப் போகிறோம்?

“இஷ்டம் இருந்தா சொல்லுங்க சார். உதவி பண்றவங்கள கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு சட்டமே இருக்கு” என்று சிரித்தார் அவர்.

இவரும் பேரைச் சொன்னார்... இனிஷியலோடு!

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது என் நம்பரைக் கொடுத்திருந்தேன். மறுநாள் அந்தம்மாவே கூப்பிட்டார். தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். “அண்ணா எப்படி இருக்காரு?” என்று இவரை விசாரித்தார்!

போனை வைத்ததும் கேட்டேன். “கடைசி வரைக்கும் வேணாம்னே சொல்லியிருந்தா?”

“பக்கத்துலயே உக்காந்திருப்பேன். விட்டுட்டு வர முடியுமா?”

முன்பின் தெரியாதவரின் கையைப் பிடிக்கவே இத்தனை மரியாதையாக அனுமதி கேட்கிற மனிதர்...

டிவி ரிமோட்டை மட்டும் என் கையிலிருந்து கேட்காமலே பிடுங்குகிறார்!