உறுதியில் எழுதிய விலை

காத்தான்குடியில் காணி விற்கிறவர்களைக் காண்பது அரிது. பெண்பிள்ளை பிறந்தால் வீடு அவளுக்கு. அவளுக்கொரு மகள் பிறந்தால் வளவைப் பிரித்து இன்னொரு வீடு. அதனால் கையகலத் துண்டுக்கும் மட்டக்களப்பு நகரத்தைவிட விலை அதிகம். அந்த விலை ஊருக்கே தெரியும், காணி உறுதிக்கு, அந்தப் பத்திரத்துக்கு மட்டும் தெரியாது. முத்திரைச் செலவை மிச்சம் பிடிக்க எல்லோரும் பாதிக்கும் குறைவாகவே எழுதுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன். இதைக் களவென்று எங்கள் தெருவில், ஒழுங்கையில் யாரும் நினைத்ததில்லை.

என் பக்கத்து ஒழுங்கை நஸீபாவும் நினைக்கவில்லை. மஸ்கட்டில் யார் யாருடைய குசினியிலோ சமைத்து இளமையைத் தொலைத்து அவள் வீடு கட்டினாள். போன வருஷம் கூரை வேலையில் காசு முடிந்துபோக, வீட்டோடு ஒட்டிய வெறும் வளவை அயல்வீட்டு மின்ஹாஜுக்கு விற்றாள். இரும்புக்கடை வைத்திருக்கும் மின்ஹாஜ் நல்ல விலைதான் கொடுத்தான். உறுதியில் மூன்றிலொரு பங்கை எழுதுவோம் என்றான். காசு கைக்கு வந்துவிட்டது, எழுதுவதில் நமக்கென்ன என்று அவளும் தலையாட்டினாள்.

இந்த வருஷம் அவள் கணவர் அசனாருக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. அரச ஆஸ்பத்திரி வரிசை வரும்வரை தாங்காது, கொழும்பில் காசு கட்டி உடனே சத்திரசிகிச்சை செய்யுங்கள் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். நகைகள் போயின. மிச்சம் வீடுதான். அதுவோ கலியாணம் பேசி முடித்திருந்த மகள் றுமானாவுக்கென்று வாக்குக் கொடுத்த வீடு. ஈடு வைத்துக் கடன் எடுத்தால் மனிதரும் பிழைப்பார், வீடும் நிற்கும் என்று அவள் அந்த ஒன்றையே நம்பினாள்.

வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் சதீசன் கல்லடிக்காரர், நல்ல மனிதர். நஸீபா தரையைத் துடைத்து, தேக்குக் கதவுக்கு எண்ணெய் பூசி, இஞ்சித் தேநீரோடு காத்திருந்தாள். அவர் சுவர்களை அளந்தார், கூரையைப் பார்த்தார், பிறகு காணிப் பதிவகத்துக்குப் போய்விட்டார். பாவம், வீட்டின் விலை வீட்டுக்குள் இருக்கிறதென்று அவள் நினைத்திருந்தாள்.

அறிக்கை வந்தபோது வங்கி தருவதாகச் சொன்ன கடன் சத்திரசிகிச்சையின் பாதிக்கும் போதவில்லை. அவள் அழுதுகொண்டு அவருக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, வீடு நல்ல வீடுதான். ஆனா பக்கத்துக் காணியள் என்ன விலைக்குப் போயிருக்கெண்டு பாத்துத்தான் நாங்க மண்ணுக்கு விலை போடுற. ஆகக் கிட்டப் போனது நீங்க வித்த வளவு. அந்த உறுதியில உங்கட கையெழுத்துத்தானே இருக்கு."

அதற்கும் மேல், அவசரத்துக்கு விற்றால் என்ன கிடைக்குமோ அதைத்தான் வங்கி கணக்கெடுக்கும், அதிலும் ஒரு பங்கைத்தான் தரும் என்றும் அவர் சொன்னார். உண்மை விலை அதுவல்ல என்று அவள் சத்தியம் செய்தாள். அவர் நம்பினார். நம்பிக்கையை அறிக்கையில் எழுத முடியாதே.

மின்ஹாஜிடம் ஓடினாள். கொடுத்த விலையை ஒரு கடிதத்தில் எழுதித் தரும்படி கெஞ்சினாள். எழுதினால் குறைத்த முத்திரைக் காசையும் தண்டத்தையும் தன்னிடம் கேட்பார்கள் என்று அவன் மறுத்தான். வீட்டையே வேறு ஆட்களுக்கு விற்கவும் அலைந்தாள். அவள் முட்டுப்பட்டு நிற்கிறாள் என்று தெரிந்ததும் கேட்க வந்தவர்கள் பின்வாங்கினார்கள், இன்னும் இறங்கட்டும் என்று. அசனாருக்கு இரண்டாம் தரமும் வலி வந்தது.

அடுத்த நாள் மின்ஹாஜ் வீடு தேடி வந்தான்.

"ராத்தா, மதிப்பீட்டுல போட்ட விலைக்கெண்டா நானே எடுக்கன். முழுக்காசும் இண்டைக்கே தாறன்."

அவனைத் திட்ட என்னிடம் வேண்டிய அளவு வார்த்தை இருக்கிறது. ஆனால் அந்தக் காசில் சத்திரசிகிச்சை நடக்கும், வேறு எவரும் அதைக்கூடத் தரவில்லை. நஸீபா மகளைப் பார்த்தாள். வீடில்லையென்றால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

"எழுதிக் குடுங்க உம்மா," என்றாள் றுமானா. "வாப்பா இல்லாத ஊட்டுல எனக்கென்ன கலியாணம்."

பத்திரம் எழுதும் நொத்தாரிசு பழக்கதோசத்தில் பேனையை நிறுத்தி, உறுதியில் எவ்வளவு போடுவது என்று கேட்டார். மின்ஹாஜ் வாய் திறக்குமுன் நஸீபா சொன்னாள்:

"குடுக்கிறதையே போடுங்க சேர். இனிக் குறைக்கிறத்துக்கு ஒண்டுமில்ல."