மூன்றே மாதத்தில் வளர்ந்த என் தலை

சாலிஹ் போய்விட்டான். இன்று சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, அலவத்துகொடையில், மகள் வீட்டில்... வயது தொண்ணூற்றேழு.

போனில் செய்தி சொன்ன மகள் அழுதாள். நானும் அழுதேன். பிறகு இரண்டு பேருமே சிரித்துவிட்டோம், ஆள் அப்படி.

எனக்கும் தொண்ணூற்றாறு. ஒற்றை விரலால் டைப் பண்ணுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இவன் மட்டும் இல்லாவிட்டால் எட்டு வயதிலேயே என் மண்டையில் ஓட்டை போட்டிருப்பார்கள்.

நிஜமாகத்தான் சொல்கிறேன்.

முப்பதுகளின் பிற்பகுதி. நானும் சாலிஹும் ஒரே வகுப்பு, ஒரே வாங்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். ஆண் பிள்ளைகள் எல்லோருக்கும் சிவப்புத் துருக்கித் தொப்பி. என் தலை பிறப்பிலேயே பெரிசு, ஸ்கூலில் என் பெயர் பூசணி.

பெருநாளைக்கு வாப்பா கண்டி டவுனில் அளவெடுத்துப் புதுத் தொப்பி வாங்கித் தந்தார். மூன்றே மாதம்... தொப்பி தலையில் ஏற மறுத்தது! அமுக்கி மாட்டிக்கொண்டுதான் ஸ்கூலுக்குப் போனேன்.

அப்புறம் தலையிடி தொடங்கியது. தினமும் காலையில். உம்மா ஆமணக்கெண்ணெய் புகட்டினார், வாந்தியும் சேர்ந்துகொண்டது.

கண்டியில் ஒரு யாழ்ப்பாணத்து டொக்டரிடம் கூட்டிப்போனார்கள். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். மண்டையை விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். நாடாவால் தலையை அளந்தார்.

"முந்தி எடுத்த அளவு ஏதும் இருக்கோ?"

"அளவு இல்ல டொக்டர், தொப்பி ஈக்கி" என்று வாப்பா தொப்பியைக் கொடுத்தார். "பெருநாளைக்கி சரியா இருந்திச்சி. இப்ப ஏறுதே இல்ல."

டொக்டரின் முகம் மாறிவிட்டது.

"பிறந்ததில இருந்தே பெரிய தலை எண்டா பயமில்லை. மூண்டு மாசத்தில வளர்ந்த தலை எண்டா... உள்ளுக்க ஒரு கட்டி வந்து, மூளைத் தண்ணி போற வழியை அடைச்சிருக்கலாம். தண்ணி தேங்கித் தேங்கித்தான் தலை பெருக்குது. கண்ணில வீக்கம் இன்னும் தெரியேல்ல. ஆனா பாத்துக்கொண்டு இருக்கேலாது."

ஸ்கேன் எல்லாம் கனவிலும் இல்லாத காலம். கொழும்பில் மண்டையோட்டில் துளை போட்டு, நீரை எடுத்து, காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்க வேண்டுமாம். அதிலேயே சில பிள்ளைகள் தப்பவில்லை என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார்.

"என்ட புள்ளட மண்டைய தொளைக்கவா?" என்று உம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை.

ஸ்கூலில் மாஸ்டர் வகுப்பையே எழுப்பி எனக்காக துஆ கேட்க வைத்தார். சாலிஹும் கையேந்தியபடி நின்றானாம்...

மறுநாள் காலை. நானும் வாப்பாவும் பஸ்ஸில் ஏறிவிட்டோம், கண்டிக்குப் போய் கொழும்பு ரயில் பிடிக்க வேண்டும். பஸ் புறப்படுகிறது, நடுரோட்டில் சாலிஹ்!

டிரைவர் வாய்க்கு வந்தபடி ஏசினார். அவன் நகரவில்லை.

"மண்டைய தொளைக்க வாணாம்! இதுதான் இவன்ட தொப்பி! அவன் போட்டீக்கது என்ட!" என்று கத்திக்கொண்டே தொப்பியைக் கழற்றினான். உள்ளிருந்து நாலைந்து நெல்லிக்காய் ரோட்டில் உருண்டது.

விஷயம் இதுதான். பெருநாள் முடிந்து மூன்றாம் மாதத்தில் ஒரு நாள், ஸ்கூல் ஆணியில் இருந்த இரண்டு தொப்பியும் மாறிவிட்டன. எனக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரியும், காது வரைக்கும் இறங்குகிற தொப்பி தெரியாமல் போகுமா? ஆனால் உள்ளே இருந்த இடைவெளியில் நெல்லிக்காய் ஒளித்து வகுப்பில் தின்ன வசதியாக இருந்ததால் வாயே திறக்கவில்லை... கள்ளன்.

வாப்பா அந்தத் தொப்பியை என் தலையில் வைத்தார். சும்மா வழுக்கிக்கொண்டு இறங்கியது. பஸ்ஸே எழும்பி நின்று பார்த்தது.

வாப்பா அடிக்கவில்லை. சாலிஹின் காதைப் பிடித்து அதே பஸ்ஸில் ஏற்றினார். மூன்று பேரும் ரயிலுக்குப் போகாமல் நேரே டொக்டரிடம் போனோம்.

டொக்டர் இரண்டு தொப்பியையும் அளந்தார், இரண்டு தலையையும் அளந்தார். சிரிப்பு வந்தும் அடக்கிக்கொண்டார்.

"நான் ஒண்டு கேக்காம விட்டிட்டன், என்ர பிழை. தம்பி, தலையிடி நித்திரையால எழும்பேக்கையே இருக்குமோ, தொப்பி போட்ட பிறகு வாறதோ?"

"போட்ட பொறகுதான்."

"கட்டி எண்டா அநேகமா எழும்பேக்கையே இடிக்கும். சரி... தொப்பியும் வேண்டாம், ஆமணக்கெண்ணெயும் வேண்டாம். ரெண்டு கிழமையால வாங்கோ, திரும்ப அளப்பம். அதுவரைக்கும் கொழும்பு வேண்டாம்."

அந்தப் பதினாலு நாளும் உம்மா தினமும் என் தலையைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு டொக்டரின் நாடா அதே அளவைக் காட்டியது, ஒரு நூல்கூடக் கூடவில்லை. கண்ணும் சுத்தம். தலையிடி போன இடம் தெரியவில்லை.

உம்மா சாலிஹைக் கூப்பிட்டு முதலில் நன்றாக ஏசினார். அப்புறம் இனிக்க இனிக்க ஒரு முழுச் சட்டி வட்டிலாப்பத்தை அவன் முன்னால் வைத்தார். முழுவதையும் தின்றான்.

என் கல்யாணத்தில் பெண் வீட்டாரிடம் போய், "இவன்ட தலைக்குள்ள கட்டி இல்லெண்டு டொக்டரே சென்னாரு. கட்டி மட்டுமில்ல, ஒண்டுமே இல்ல!" என்றான். மாமனார் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்...

பஸ்ஸை மறித்த அன்றைக்கு அவன் தன் வாப்பாவிடம் பிரம்படி வாங்கி இரண்டு நாள் உட்கார முடியாமல் கிடந்தான். அடி விழும் என்று தெரிந்துதான் வந்தான். பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஏன்டா வந்தாய் என்று போன பெருநாளைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். எண்பத்தெட்டு வருஷம் கழித்து!

"நீ மௌத்தாகிட்டா வாங்கில என்ட பக்கத்தில யாருடா இருக்கிற?" என்றான்.

அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா அடக்கம். வீல் செயாரில் வருகிறேன், வழி விடுங்கள்.

போய்ட்டு வா மச்சான். அங்கேயும் பக்கத்தில எடம் புடிச்சி வை... நான் ஆறுதலா, மெதுவா வாறேன்.