பதினைந்து நாளும் முப்பது நாளும்

வீட்டைக் காலி செய்யச் சொல்லி சங்கரன்கோவில் கோர்ட்டில் உத்தரவான இருபத்தைந்தாம் நாள் என் மகளுக்கு அம்மை போட்டது. பதினான்கு வயது. அவளுக்கு நான், எனக்கு அவள். நான் பாடம் நடத்தும் மேலநீலிதநல்லூர்ப் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு வக்கீல் வீட்டுக்கு ஓடினேன். அப்பீல் போட்டுத் தடை வாங்கியாயிற்று என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்றிருந்தது.

அப்பீல் கட்டு சப் கோர்ட்டிலிருந்து திரும்பி வந்து சீனியர் வக்கீலின் மேசைமேல் கிடந்தது.

“எத்தன நாள்னு கணக்குப் போட்டீரு?” என்று சீனியர் ஜூனியரிடம் கேட்டார்.

“முப்பது சார். முன்சீப் தீர்ப்புதான?”

“வாடகை கேசுல அவரு முன்சீப் இல்லவே, ரெண்ட் கன்ட்ரோலர். பதினஞ்சே நாளு. அதே மூஞ்சி, அதே நாற்காலின்னு பாத்து ஏமாந்துட்டீரு.”

“தாமதத்த மன்னிக்கச் சொல்லி மனு போடுவோம் சார்.”

“மன்னிக்க சப் ஜட்ஜுக்கு அதிகாரம் உண்டா?” சீனியரின் முகம் மலர்ந்தது. “உண்டுன்னு நான் சொல்லுதேன். நீரு இல்லன்னு பேசும், பாப்போம்.”

பேசினார்கள். புத்தகங்கள் இறங்கின. காப்பி வந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன்.

“சார், தடை?” என்றேன்.

“அப்பீலுக்கு நம்பரே விழல டீச்சர். பள்ளிக்கூடத்துல சேராத பிள்ளைக்கு அட்டெண்டன்ஸ் போடுவீங்களா?”

“வீட்ல பிள்ளைக்கு அம்மை சார்.”

இரண்டு நாற்காலிகளும் பின்னால் நகர்ந்தன. பிறகு சீனியர் சிரித்தார். “வாசல்ல வேப்பிலையக் கட்டுங்க. காலி பண்ண வார கோர்ட் அமீனா உள்ள வரமாட்டான். அதவிட நல்ல தடை எந்தக் கோர்ட்டும் குடுக்காது.”

ஜூனியரும் சிரித்தார். நான் அதை நம்பி, வழியிலேயே வேப்பங்குழை ஒடித்துக்கொண்டு போனேன்.

மூன்றாம் நாள் நண்பகலில் அமீனா வந்தார். குழையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருவிலேயே நின்றுவிட்டார். எனக்கு மூச்சு வந்தது. அப்போது கூட வந்த வீட்டுக்காரர், “எனக்குச் சின்னதுலயே அம்மை போட்டாச்சு” என்று சொல்லி உள்ளே ஏறினார். பானைகள் வெளியே வந்தன. கடைசியில் மகள், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தானே நடந்து வந்தாள். எதிர் வீட்டார் கதவைச் சாத்தினார்கள்.

“எங்கன போறோம்மா?” என்றாள்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த தட்டுமுட்டுக் கொட்டகைக்குப் போனோம். கொப்புளம் கண்ணிலும் இறங்கியது. இடது கண்ணில் பூ விழுந்தது.

இரண்டு மாதம் கழித்து வக்கீல் ஆள் விட்டுக் கூப்பிட்டார். இருவரும் போனோம்.

“ஜெயிச்சிட்டோம் டீச்சர்! தாமதத்த மன்னிக்க அதிகாரம் உண்டுன்னு சப் ஜட்ஜு ஒத்துக்கிட்டாரு. அப்பீலுக்கு நம்பர் விழுந்தாச்சு. வீடுதான் கை மாறிட்டு, இனி தடைக்கு வேல இல்ல. திரும்பக் கேக்க முடியுமாங்கது இன்னொரு நல்ல பாயிண்டு.”

நான் கைகூப்பி நன்றி சொன்னேன். மகள் பக்கத்தில்தான் நின்றாள். அவள் வக்கீலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.