நிச்சயதார்த்தத்தன்று வந்த ஃபைனல்

தொண்ணூறுகளில் நாங்கள் மர்பி டவுனில் இருந்தோம். அப்பா இறந்ததும் படிப்பை விட்டு லேத் பட்டறைக்குப் போன என் அண்ணன், எங்கள் தெரு ஃபுட்பால் டீமின் கோல்கீப்பர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைக் கிரவுண்டில்தான் தேட வேண்டும்.

அந்த வருஷம் டீம் முதன்முறையாக ஃபைனலுக்கு வந்தது. சனிக்கிழமை ஆட்டம் மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. மறுநாள் எனக்கு நிச்சயதார்த்தம்.

கேப்டன் வாசலில் வந்து நின்றார். "மச்சா, நீ இல்லன்னா கோல்ல யாரு நிக்கறது? அம்மாகிட்ட சொல்ப பேசுடா, கொஞ்சம் பேசிப் பாரு."

அடுப்படியிலிருந்தே அம்மா சொன்னாள்: "மாப்ள வூட்டுக்காரங்க கோலார்லேந்து பஸ் புடிச்சி வராங்க. அப்பா இல்லாத வூட்ல புள்ளையும் இல்லன்னா என்னா நெனப்பாங்க?"

"மாமா தட்டு மாத்தட்டுமேம்மா. அண்ணன் போவட்டும்," என்றேன்.

"நீ சும்மா இரு. கூடப்பொறந்தவன் இருக்கறப்ப மாமன் கையாலயா?"

அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. உள்ளே போய்த் தன் கையுறைகளை எடுத்துவந்து கேப்டனிடம் கொடுத்தான். "என் எடத்துல நிக்கப்போறவனுக்குக் கொஞ்சம் பெருசா இருக்கும். விரல்ல துணி சுத்திக்கச் சொல்லு."

கிரவுண்டு எங்களுக்கு அடுத்த தெருதான். மறுநாள் ஐயர் லக்னப் பத்திரிகை வாசிக்கும்போதே ஜன்னல் வழியாக விசில் கேட்டது. அண்ணன் தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்த நேரத்தில் பெரிய கூச்சல் எழுந்தது. யார் கோல் போட்டார்கள் என்று தெரியவில்லை. தட்டை நீட்டாமல் அப்படியே நின்றுவிட்டான்.

"என்ன சத்தம் அது?" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா கேட்டார்.

"மேட்ச்சுங்க."

"நீங்களும் ஆடுவீங்களா தம்பி?"

"சும்மா, பசங்களோட," என்று சொல்லித் தட்டை நீட்டினான். தலை குனிந்து உட்கார்ந்திருந்த எனக்கு அவன் கைகள் மட்டும் தெரிந்தன. தட்டின் விளிம்பை அழுத்திய கட்டைவிரல்கள் வெளுத்திருந்தன.

எங்கள் டீம் பெனால்டியில் தோற்றது. யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆட்டம் முடிந்து சைக்கிளில் எங்கள் வாசலைக் கடந்தவர்கள் நிற்காமல் போனார்கள். விருந்தினருக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்த அண்ணன் தம்ளர்களோடு கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தான்.

அதன் பிறகு ஞாயிறுகளிலும் பட்டறையில் ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டான். கல்யாணமாகி முதல் தீபாவளிக்கு நான் வந்திருந்தபோது அம்மா அவனிடம் கேட்டாள்: "ஏன்டா, இப்பல்லாம் ஆடப் போறதில்லயா?"

"வேல சரியா இருக்குதும்மா."

அம்மாவுக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. பலகாரத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். எனக்கு வாய்த்தது நல்ல இடம், கணவரும் தங்கமான மனிதர். அண்ணனும் ஒருநாள்கூடக் குறைபட்டதில்லை. குறைபட்டிருந்தால் அவனோடு சண்டையாவது போட்டிருப்பேன்.