பாதிச் சேதம்னு நான் எழுதின வீடு

மண்சரிவு வந்த ஊர்ல வீட்டுச் சேதம் எழுதுறதுதான் என் உத்தியோகம். சனம் திட்டுறதுக்குன்னே உண்டாக்கின வேலைன்னு வச்சுக்கங்களேன். ஃபோமும் பேனாவுமா மேடு ஏறி இறங்குற கூட்டாளிமாரே, உங்களுக்குத்தான் சொல்றேன்.

முதல் தடவை

மாத்தளைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டம். மண் சரிஞ்சு பத்து நாள் இருக்கும். வரிசையா ஒட்டிக் கட்டின லயத்துல கடைசி வீட்டுல சரோஜாக்காவும் ஸ்கூல் போற மகளும் மட்டும்தான். கவர்மெண்ட் கந்தோர்ல இருந்து ஆள் வருதுன்னு முன்னமே சேதி போயிருச்சு. நான் போனப்போ தரையெல்லாம் தேய்ச்சுக் கழுவி, பின்சுவர் முழுக்கப் புது பெட்சீட் ஒண்ணைத் திரையாக் கட்டியிருந்தாங்க.

கதிரையைத் துடைச்சுப் போட்டாங்க. பிளேன்டீ வந்துச்சு. உட்கார்ந்த இடத்துல இருந்தே 'பாதிச் சேதம்'னு எழுதினேன். வீட்டை நல்லா வச்சிருக்கீங்கன்னு பாராட்டு வேற. அக்காவுக்கு அப்படியொரு சந்தோஷம்.

"சேர் வர்றீங்கன்னு ரெண்டு நாளா சேத்த அள்ளிக் கொட்டிக் கழுவினோங்க."

கீழ் வீடு

நாலு மாசம் கழிச்சு மறுபடி போனேன். முழுச் சேதம்னு எழுதின வீட்டுக்காரங்களுக்கு மட்டும் வேற இடத்துல வீடு கட்டக் காணி. அந்த லிஸ்டுக்குக் கையெழுத்து வாங்கணும். லயத்துக்குக் கீழ கடை வச்சிருக்கிற மஜீத் நானா பேர் அதுல இருந்துச்சு. முதல் தடவை நான் வந்தப்போ அவர் மகள் வீட்டுக்குப் போயிட்டதால, சேறு போட்டது போட்டபடி கிடந்த வீட்டைத்தான் நான் பார்த்தேன். மனுசன் பேனாவை வாங்கிட்டுக் கையெழுத்துப் போடாமயே நின்னாரு.

"எங்கட ஊட்ட விட சரோஜாட ஊடுதான் மோசம் சேர். கழுவின குத்தத்துக்கா அந்தப் புள்ளட பேரு இல்லாமப் போச்சு?"

திரைக்குப் பின்னால

நேரா மேல ஏறினேன். திரையைத் தூக்கினா, கை போற அளவுக்கு வெடிப்பு. அது வழியா வெளியில சரிஞ்ச மண் தெரியுது. மழை இறங்கினா தாயும் மகளும் கோயில் மண்டபத்துக்கு ஓடுறாங்களாம். தப்பு என்மேல, கோவம் அவங்கமேல. "அன்னைக்கே ஏன் சொல்லல?"ன்னு கத்திட்டேன்.

"வந்தவங்க டீ குடிக்கிறப்போ வீட்டுக் கொறையச் சொல்லுவாங்களா சேர்? நீங்களும் கேக்கலயே."

மறுபடி பார்வை

என் பிழைதான்னு கடிதம் எழுதிக் கொடுத்தேன். பக்கத்து மேசைக்காரர் சிரிச்சாரு. மறுபடி பார்க்கக் கந்தோர்ல இருந்து மூணு பேர் வர ஒத்துக்கிட்டாங்க. முதல் நாளே சரோஜாக்காவுக்குப் போன் பண்ணி, எதையும் கழுவாதீங்க, திரையைக் கழட்டிருங்கன்னு கெஞ்சாத குறையாச் சொன்னேன்.

போய்ப் பார்த்தா தரை பளபளன்னு இருக்கு. திரையையும் துவைச்சுக் கட்டியாச்சு. மூணு பேரும் உட்கார்ந்து, ஒருத்தர் பேனாவையும் எடுத்துட்டாரு. நான் போய்த் திரையைப் பிடிச்சு இழுத்தேன். எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க. முழுச் சேதம்னு எழுதினாங்க, உண்மைதான். ஆனா காணி பிரிச்சு முடிஞ்சிருச்சு, பேரு இனி அடுத்த லிஸ்டுலயாம். இப்ப மழைக்காலமும் தொடங்கியாச்சு, அவங்க இன்னும் அங்கதான். அன்னைக்கு நாங்க திரும்பி வரும்போது அக்கா வாசல் வரைக்கும் வந்தாங்க.

"வந்தவங்க முன்னால மானம் போனாலும் போகட்டும் சேர், அந்த லிஸ்டு மழைக்கு முந்தி வருமா?"

மண் செஞ்ச சேதத்துக்கெல்லாம் ஃபோம்ல ஒரு கட்டம் இருக்கு, நான் செஞ்சதை எழுதத்தான் இடமில்ல.