பச்சை மையில் இரண்டு வரி

செப்டெம்பர் மூன்றாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி ஐந்து நிமிடம். மழை இல்லை. கடல்நீர்க் களப்புப் பக்கமிருந்து வந்த காய்ந்த காற்று மேசைத் தாள்களை இரண்டு தரம் கலைத்தது. அப்போதுதான் அப்பியாசக் கொப்பியில் கிழித்த அந்தக் கால் தாளைப் பிரித்தேன். புத்தளத்து உப்பளம் ஒன்றில் நான் பகுதி மேற்பார்வையாளன். ஒவ்வொரு உத்தியோகத்தரின் பேச்சிலும் என்ன குறை என்று கூட வேலை செய்பவர்கள் பெயர் போடாமல் எழுதிப் பெட்டியில் போட வேண்டும் என்று புது முகாமையாளர் ஒரு வழக்கம் கொண்டுவந்திருந்தார். எனக்கு ஆறு தாள்கள். ஐந்தில் 'நல்லம்' என்று மட்டும் இருந்தது. ஆறாவதில் பச்சை மையில் இரண்டு வரி: "நாங்க ஓம் ஓம் எண்டு சொல்றது விளங்கினதுக்கு இல்ல சேர், நீங்க நிப்பாட்டுறதுக்கு. முக்கியமானத முதல்ல சொல்லுங்க."

பச்சைப் பேனை பம்பு வீட்டில் மட்டுமே இருந்தது. அங்கே பம்புகளை ஓட்டிய முஸ்லிம் அண்ணனை எல்லோரும் மோட்டார் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட நாலு வயது மூத்தவர், வேலைக்கும் எனக்கு ஆறு வருடம் முன்னால் வந்தவர். அந்த இரண்டு வரியில் இருந்த எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். மூன்று. இதை எழுதும்போது கூசுகிறது. அடுத்த நாள் பம்பு வீட்டுக்குப் போய், இருபத்தாறு வருடச் சேவையில் என் பேச்சு விளங்கவில்லை என்று ஒருவரும் சொன்னதில்லை என விரிவாக எடுத்துச் சொன்னேன். காக்கா எண்ணெய்த் துணியில் கை துடைத்தபடி கடைசிவரை கேட்டார். பிறகு சிரித்தார். "ஓம் சேர். தேத்தண்ணி ஆறிட்டு." பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

தாளைப் பிரித்துப் பதினாறு நாள் கழித்து, வியாழக்கிழமை, வானம் காலையிலேயே கறுத்துவிட்டது. மழை விழுந்தால் பாத்திகளில் முற்றியிருந்த உப்புநீர் கெட்டுவிடும். அதற்குள் அதை ஆழத் தொட்டிக்கு ஏற்றிவிட வேண்டும். மூன்றாம் பம்பின் உடம்பில் மின்சாரம் கசிகிறது, தான் வரும்வரை ஒருவரும் தொடக்கூடாது என்று மின்காரர் என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுச் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். நான் காக்காவுக்குப் போன் எடுத்தேன். எத்தனை பாத்தி, ஒவ்வொன்றிலும் எத்தனை அங்குலம் நீர், எத்தனை பேர் வேலைக்கு வந்திருக்கிறார்கள், தொட்டி நிரம்ப எத்தனை மணித்தியாலம் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் நான்கு தரம் ஓம் சொன்னார். நான்காவது ஓமுக்குப் பிறகுதான் மூன்றாம் பம்பைப் பற்றிச் சொன்னேன். பதில் வரவில்லை. அவர் சொன்ன ஓம் காற்றில் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து வைத்துவிட்டேன். நான் பேசியது மூன்று நிமிடம் நாற்பத்திரண்டு வினாடி என்று போன் காட்டியது.

அவர் நான்காவது ஓமோடு போனைப் பலகையில் வைத்துவிட்டு, மழைக்கு முன் முடிக்க மூன்று பம்பையும் போடப் போனார் என்று பக்கத்தில் நின்றவர் பிறகு சொன்னார். தரை ஈரம். அவர் காலில் செருப்பு இல்லை. நான் போய்ச் சேரும்போது முகத்தில் துணி போட்டிருந்தார்கள். மழை அப்போதுதான் தொடங்கியது.

விசாரணையில் நான் எச்சரித்ததாகச் சொன்னேன். அது பொய்யில்லை, எழுதிக்கொண்டார்கள். காக்காவின் மனைவியிடமும் அதையே சொன்னேன். அவ அழவில்லை, சத்தம் போடவில்லை. "நீங்க சொன்னீங்க, சரி. அவருக்குக் கேட்டதா?" என்று மட்டும் கேட்டா.

எனக்கு இப்போது எழுபத்தொரு வயது. பாண் வாங்கச் சொல்வதென்றாலும் முதல் வசனத்திலேயே சொல்லிவிடுகிறேன், கேட்டவரைத் திருப்பிச் சொல்லவும் வைக்கிறேன். "என்னைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நடத்துறீங்க" என்று மனைவி சினக்கிறா. சினக்கட்டும். அலுமாரியில் அந்தக் கால் தாள் இருக்கிறது. பச்சை மை வெளிறிவிட்டது, நான் போட்ட மூன்று சிவப்பு வட்டமும் அப்படியே இருக்கின்றன. 'மூன்றாம் பம்பைத் தொடாதீங்க.' எண்ணிப் பார்த்தால் மூன்றே சொல். அவற்றை முன்னுக்கு வைக்கப் பழகிக்கொள்ள எனக்கு ஆன மொத்தச் செலவு: ஆள் ஒன்று.