வால்வும் வல்லாரைக் கஞ்சியும்

ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஃபிரிட்ஜின் பின்பக்கம் எவ்வளவு சூடாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? அந்தச் சூட்டுக்கு எதிரே ஒரு கொடி கட்டினால், நான் படிக்கத் தங்கியிருக்கும் மடவளையில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தாலும் துணி காயும். பிறகு மேலே ஓர் அயர்ன் போட்டால் வேலை முடிந்தது. கம்பஸில் நான்கு வருடம் குப்பை கொட்டியதில் எனக்கு உருப்படியாகக் கிடைத்த அறிவு இதுதான்.

துணி என்றால் சட்டை இல்லை. மாதவிடாய்த் துணி.

நான் புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது. பதினேழு வயதில் அதைக் கழற்றிவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் டிக் டிக் என்று கேட்கும். லெக்சரில் என் அருகே இருப்பவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அந்த வால்வில் இரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை, ஆயுள் முழுக்க. மாத்திரை வால்வுக்காகத்தான் பேசுகிறது, ஆனால் கர்ப்பப்பையும் அதை ஒட்டுக்கேட்டுவிடுகிறது. எட்டு நாள் கொட்டும். முதல் மூன்று நாளும் கடைப் பேட் ஒரு பாக்கெட் மாலை வரைக்கும் வராது. அந்த விலைக்கு மாதம் முழுக்க பஸ்ஸில் போய்வரலாம்.

அதனால் துணிக்கு மாறினேன். ஃபோனில் அளவு பார்த்து ஃபிளனலை வெட்டிக்கொண்டு போய், நான் போர்டிங் இருக்கும் வீட்டு ராத்தாவிடம் நின்றேன். முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள்; இவருக்கு நாற்பது வயது இருக்கும். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக் கொடுப்பவர்.

"இதென்னத்துக்கு மகள் இவ்வளவு தடிப்பம்? புள்ளக்கி மெத்த தைக்கப் போறீங்களா?"

"எனக்கு மெத்தையே பத்தாதுங்க ராத்தா."

சிரித்துச் சிரித்து ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனது அவருக்கு. மேலே ஃபிளனல் வெட்டுத்துண்டு. உள்ளே மூன்று மடிப்பு, அவருடைய கணவரின் பழைய லுங்கிச் சாரத்திலிருந்து. அடுத்த வெள்ளிக்கிழமை அந்த மனிதர் வீடெல்லாம் தேடினார்.

"என்ட நீலச் சாரம் எங்க?"

"அது கிழிஞ்சி போச்சு. ஏழைக்கி குடுத்துட்டேன்" என்றார் ராத்தா, என் பக்கம் திரும்பாமலே.

வால்வு விஷயத்தை மட்டும் நான் சொல்லவில்லை. இதய நோயாளிக்கு யார் அறை கொடுப்பார்கள்? முன்பு பார்த்த இரண்டு போர்டிங்கில் அதைச் சொன்னவுடனே அறைக்கு "ஏற்கெனவே ஆள் வந்துவிட்டார்". மூன்றாவது இடத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

போன மாதக் கிளினிக்கில் டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல செய்தி இல்லை. இரத்தம் மிகக் குறைவு. இரும்புச்சத்து மாத்திரை தருகிறேன், அடுத்த கிளினிக்கில் இரத்த அளவும் உறைவு அளவும் இரண்டும் ஒழுங்காக இருக்க வேண்டும், இல்லையென்றால் வார்டில் போடுவேன் என்றார். அடுத்த கிளினிக் முடிந்து பத்து நாளில் இறுதிப் பரீட்சை. தவறவிட்டால் ஒரு வருடம் கழித்து ஜூனியர்களோடு உட்கார வேண்டும். சாவதைவிட அது பரவாயில்லைதான். ஆனாலும்.

வீட்டுக்கு வந்து ராத்தாவிடம் பாதி உண்மை சொன்னேன். "ரத்தம் கம்மியாம் ராத்தா."

எங்கள் பக்கம் இந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சொன்னால் ஊரே கீரையோடு கிளம்பிவிடும். மறுநாள் காலை வல்லாரையும் முருங்கை இலையும் அரைத்த கஞ்சி, ஒரு பெரிய மக் நிறைய. மத்தியானம் கங்குன் கீரை வதக்கிய சுண்டல். அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். அவர் புசல்லாவையிலிருந்து பஸ்ஸில் கண்டக்டரிடம் ஒரு மூட்டைக் கீரை கொடுத்துவிட்டார். பக்கத்து வீட்டிலிருந்தும் ஒரு கட்டு வந்தது. நான் எல்லாவற்றையும் சந்தோஷமாக விழுங்கினேன். இலவசம், சத்து, பாஸாகிவிடுவேன். வால்வு வைத்தபோதே "கீரையைத் திடீரென்று கூட்டாதே, குறைக்காதே" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். பதினேழு வயதில் யார் காது கொடுத்தது?

கிளினிக் நாளன்று ராத்தாவும் அபாயாவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "வழியில மயங்கி விழுந்தா யாரு தூக்குற?" தடுக்க முடியவில்லை.

நர்ஸ் அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். இரத்தம் கூடியிருந்தது. உறைவு அளவு மட்டும் படுத்துக் கிடந்தது; இரத்தம் சீக்கிரம் உறைகிறது என்று அர்த்தம்.

"மாத்திரை விட்டுட்டீங்களா?" என்றார், சிங்களம் கலந்த கொச்சைத் தமிழில்.

"சத்தியமா ஒரு நாளும் விடல."

"அப்ப புதுசா என்ன சாப்பிட்டது?"

நான் வாய் திறப்பதற்குள் ராத்தா விரல் மடித்து ஆரம்பித்தார், பெருமையாக. வல்லாரை, முருங்கை, கங்குன், பொன்னாங்கண்ணி. நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார்.

"நோனா, இது புள்ளயா, மாடா? கீரை கூடினா இந்த வால்வு மாத்திரை வேலை செய்யாது!"

"வால்வா?" என்றார் ராத்தா. அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே மயக்கம் வந்தது.

வராந்தா வாங்குப் பலகையில் உட்கார்ந்து முழுக் கதையும் சொன்னேன். அறை தரமாட்டீங்கன்னு பயம் என்றும் சொன்னேன். ராத்தா என் நெஞ்சருகே காதை வைத்துக் கேட்டார்.

"அல்லாஹ்வே! நான் இத்தன நாளும் சுவர்ல பல்லி கத்துதுன்டு நெனச்ச." பிறகு தலையில் ஒரு குட்டு. "பைத்தியம். நோய்க்காரிய தெருவுல போடவா நான் வீடு வெச்சீக்கிறேன்? இனி பொய் சொன்னா மட்டும்தான் அறையில்ல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார். மாத்திரை அளவைக் கொஞ்சம் கூட்டி, ஒரு வாரம் தவணை தந்தார். கீரையை நிறுத்த வேண்டாம், தினமும் ஒரே அளவு என்றார். ராத்தா அன்றே என் கஞ்சிக்கென்று ஒரு சின்னத் தேநீர்க் கோப்பையை எடுத்து அடியில் நெயில் பாலிஷால் என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார். அதற்கு மேல் ஒரு சொட்டுக் கேட்டாலும் கிடையாது. அம்மாவின் மூட்டையைத் தெரு முழுக்கப் பங்கு வைத்தார்.

போன வியாழன் திரும்பப் போனோம். உறைவு அளவு கோட்டைத் தொட்டு நின்றது. வார்டு இல்லை. மாதவிடாயைக் குறைக்க வழி பார்க்க, பெண்நோய் கிளினிக்குக்கும் டாக்டர் துண்டுச் சீட்டு எழுதித் தந்திருக்கிறார்.

நாளை காலை ஒன்பது மணிக்கு முதல் பேப்பர். இன்று எனக்கு இரண்டாம் நாள். மழை. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஆறு துணி காய்கிறது.